பிராசசரா, கிராபிக்ஸ் கார்டா? முதலில் மானிட்டரைப் பாருங்கள்

கேம் ஆடுவதற்காக கம்ப்யூட்டர் சேர்க்கிறவர் எவரும் ஒரு கட்டத்தில் கேட்டுவிடும் கேள்வி இது: இருக்கிற பணத்தில் எதற்கு அதிகம் ஒதுக்குவது, பிராசசருக்கா, கிராபிக்ஸ் கார்டுக்கா? "கண்ணை மூடிக்கொண்டு கார்டில் போடு" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். பெரும்பாலானோருக்கு அது சரியாகவும் வந்துவிடும். வராதவர்கள்தான் புதுக் கார்டு மாட்டிய பிறகும் எஃப்பிஎஸ் எண் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்பது) அசையவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் கார்டில் கோளாறு எதுவும் இருக்காது. அது வேலைக்காகக் காத்துக்கொண்டு சும்மா நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வந்துபோகும் ஒரு படம், உருவாகும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உங்கள் மவுஸ் அசைவைப் படிப்பது, எதிரிகள் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது, மோதல்களைக் கணக்கிடுவது, அனிமேஷனை நகர்த்துவது, எந்தப் பொருள் கேமராவுக்குத் தெரியும் எது மறைந்திருக்கிறது என்று பிரிப்பது, கடைசியாக "இதை வரை, அதை வரை" என்று ஆணைகளைத் தொகுத்து அனுப்புவது, இவை எல்லாம் பிராசசரின் வேலை. அந்த ஆணைகளை வாங்கி முக்கோணங்களைத் திரையில் நிறுத்தி, ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம், நிழல், ஒளி கணக்கிடுவது கார்டின் வேலை. சித்தாள் செங்கல் எடுத்துக் கொடுத்தால்தான் கொத்தனார் அடுக்க முடியும். கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கல் வரும் வேகத்தைத் தாண்டிச் சுவர் எழும்பாது.

இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்ததைத் தயாரிக்கிறது. அதனால் இரண்டு நேரத்தையும் கூட்டக் கூடாது. எது அதிகமோ அதுதான் உங்கள் எஃப்பிஎஸ்ஸைத் தீர்மானிக்கும். ஒரு காட்சியில் பிராசசருக்கு 9 மில்லி விநாடியும் கார்டுக்கு 14 மில்லி விநாடியும் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 1000-ஐ 14-ஆல் வகுத்தால் வருகிற 71 எஃப்பிஎஸ். இப்போது பிராசசரை மாற்றி அதன் நேரத்தை 6 ஆகக் குறைத்தாலும் அதே 71தான். கார்டை மாற்றி 8 ஆக்கினால் 125 வரும் என்று மனக்கணக்கு போடுவீர்கள்; வராது. 9 மில்லி விநாடி பிராசசர் குறுக்கே நிற்கும், 111-இல் முட்டிக்கொள்ளும்.

இந்தச் சின்னக் கணக்கை வைத்துக்கொண்டால் எந்தப் பாகம் மற்றதற்குத் தடையாக (பாட்டில்நெக்) நிற்கிறது என்று சொல்வதாக இணையத்தில் உலவும் 'பாட்டில்நெக் கால்குலேட்டர்'களை ஒதுக்கிவிடலாம். பிராசசர் பெயரையும் கார்டு பெயரையும் கொடுத்தால் "17 சதவீதம் பாட்டில்நெக்" என்று ஒரு எண்ணைத் துப்பும் பக்கங்கள் அவை. எந்த கேம், எந்த ரெசல்யூஷன், எந்த செட்டிங் என்பது மாறினால் விடையே தலைகீழாகிவிடும்போது ஒற்றைச் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை.

ரெசல்யூஷன் யாருடைய சுமை

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், அதாவது 1080பி-யைப் போல் சரியாக நான்கு மடங்கு. பிக்சல் கூடக் கூட கார்டின் வேலை கூடுகிறது. பிராசசருக்கோ இதில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. திரையில் பத்து எதிரிகள் இருந்தால் 1080பி-யிலும் பத்துதான், 4கே-யிலும் பத்துதான். கணக்கிட வேண்டிய மோதல்களும் அனுப்ப வேண்டிய ஆணைகளும் ஏறக்குறைய அதேதான்.

பிராசசரின் வேலையை உண்மையில் கூட்டுவது நீங்கள் கேட்கும் எஃப்பிஎஸ். 60 வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி இருக்கிறது. 144 வேண்டுமென்றால் 6.9. 240 என்றால் 4.2 மட்டும். அந்த 4.2 மில்லி விநாடிக்குள் உலகம் முழுவதையும் கணக்கிட்டு ஆணைகளை அனுப்பி முடிக்க வேண்டும். கார்டுக்கு ஒரு தப்பிக்கும் வழி உண்டு: செட்டிங்கைக் குறைத்தால் அதன் சுமை பாதியாகும். பிராசசருக்கு அந்த வழி மிகக் குறுகியது. எதிரிகளின் மூளையை 'லோ'-வில் வைக்கும் செட்டிங் அநேகமாக எந்த கேமிலும் கிடையாது.

ஆகவே தேர்வு மானிட்டரிலிருந்து தொடங்க வேண்டும். 4கே, 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) திரையில் கதை கேம்கள் ஆடுகிறவருக்கு நடுத்தர ஆறு கோர் பிராசசரே, அதாவது உள்ளே ஆறு தனித்தனி கணக்கிடும் பகுதிகள் கொண்டதே, தாராளம். மிச்சம் எல்லாம் கார்டுக்குப் போகலாம். 1080பி, 240 ஹெர்ட்ஸ் திரையில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் ஆடுகிறவருக்கு நிலைமை நேரெதிர். இந்த வகை கேம்களில் எல்லாவற்றையும் 'லோ'-வில் வைத்து ஆடுவதுதான் வழக்கம், அதனால் நடுத்தரக் கார்டே பாதி நேரம் ஓய்வாக இருக்கும். எஃப்பிஎஸ்ஸைத் தீர்மானிப்பது பிராசசரும் அதன் கேஷும் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, அதிவேக நினைவகம்) ரேமும்தான்.

இரண்டுக்கும் நடுவில் 1440பி, 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர்கள் ஏராளம். கார்டுக்குப் பிராசசரைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஒதுக்குவது அவர்களுக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேமின் வகை என்ன செய்கிறது

சைபர்பங்க் 2077-இல் ரே டிரேசிங்கை (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு ஒளியும் நிழலும் வரையும் முறை) போட்டால் கார்டு மூச்சுத் திணறும். அதே கேமில் கூட்ட நெரிசலைக் கூட்டும் செட்டிங்கைக் கூட்டிவிட்டுச் சந்தைப் பக்கம் போனால் பிராசசர் திணறும். பால்டர்ஸ் கேட் 3 கதையின் மூன்றாம் அங்கத்தில் வரும் நகரம், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பெருநகரத்துக்கு மேலே தாழப் பறப்பது ஆகியவை பிராசசரைச் சோதிக்கும் இடங்கள் என்று பெயர் பெற்றவை.

உத்தி கேம்களும் நகரம் கட்டும் கேம்களும் தனி ரகம். சிவிலைசேஷன் 6-இல் எஃப்பிஎஸ் பெரிய விஷயமே இல்லை. கடைசிக் கட்டத்தில் கம்ப்யூட்டர் தன் முறையை முடிக்க எத்தனை விநாடி எடுக்கிறது என்பதே பொறுமையைச் சோதிப்பது. அதை அளக்கவென்றே அந்த கேமில் தனி பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) இருக்கிறது. ஃபேக்டோரியோவில் விநாடிக்கு 60 முறை உலகம் புதுப்பிக்கப்பட வேண்டும்; தொழிற்சாலை மிகப் பெரிதானதும் அந்த 60 விழ ஆரம்பிக்கும். அப்போது எந்தக் கார்டு மாட்டினாலும் பயனில்லை. பெல்ட்டிலும் இயந்திரங்களிலும் உள்ள லட்சக்கணக்கான பொருள்களின் விவரத்தை ரேமிலிருந்து எடுத்து வரும் வேகம்தான் அங்கே எல்லை.

கன்சோல்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிளேஸ்டேஷன் 4-இல் இருந்தது 1.6 கிகாஹெர்ட்ஸ் ஓடிய எட்டு ஜாகுவார் கோர்கள், வெளிவந்த 2013-லேயே பலவீனமானவை. அந்தத் தலைமுறை கேம்கள் அந்தப் பிராசசருக்கு ஏற்ப எழுதப்பட்டதால் கம்ப்யூட்டரில் பெரும்பாலான பிராசசர்கள் அவற்றை எளிதாகச் சமாளித்தன. 'பிராசசரைப் பற்றிக் கவலைப்படாதே' என்ற அறிவுரை வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் எட்டு ஜென் 2 கோர்கள். அதை முழுதாகப் பயன்படுத்தி 30 எஃப்பிஎஸ் எடுக்கும் ஒரு கேமைக் கம்ப்யூட்டரில் 60-இல் ஓட்ட வேண்டுமானால் அதைப் போல இரு மடங்கு வேகமான பிராசசர் வேண்டியிருக்கும். 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோ இதற்கு நல்ல சாட்சி: கிராபிக்ஸ் பகுதி கணிசமாக வளர்ந்தது, பிராசசரோ கிட்டத்தட்ட அதே பழையது. பிராசசரால் 30-இல் கட்டுண்ட கேம்களை அதனால் 60-க்குத் தூக்கிவிட முடியவில்லை. படத்தின் கூர்மையைத்தான் கூட்ட முடிந்தது.

எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிப்பது

பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். அரை மணி நேர வேலை.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் ஆகிய மென்பொருள்கள் இருந்தால் போதும். திரையின் ஓரத்தில் இவற்றைக் காட்டச் சொல்லுங்கள்: எஃப்பிஎஸ், ஃபிரேம் நேரம், கார்டின் பயன்பாட்டுச் சதவீதம், கார்டின் கடிகார வேகம், கார்டு நினைவகத்தில் நிரம்பிய அளவு, பிராசசரின் ஒவ்வொரு த்ரெட்டின் (கோர் ஒரு நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை) பயன்பாடும் தனித்தனியாக. முதலில் வி-சிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் வசதி) கேமுக்குள் இருக்கும் எஃப்பிஎஸ் வரம்பையும் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் போட்ட வரம்பையும் அணையுங்கள். "என் கம்ப்யூட்டர் 60-க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது" என்ற புகாரில் பாதி இந்த வரம்புகளால் வருவது.

பிறகு கேமில் உங்களுக்குத் தொல்லை தருகிற அதே இடத்துக்குப் போய் ஒரே பாதையில் ஒரு நிமிடம் நடங்கள். மூன்று முறை நடந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் பயன்பாடு 95-லிருந்து 99 சதவீதம் நிலையாக நின்றால் கார்டுதான் எல்லை. 60, 70 என்று தொங்கினால் பிராசசரோ ரேமோ அதற்குத் தீனி போடவில்லை.

இதில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். ஒன்று, பிராசசரின் மொத்தப் பயன்பாட்டு எண். எட்டு கோர், பதினாறு த்ரெட் உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் நூறு சதவீதம் திணறிக்கொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம்தான். கேமின் பிரதான த்ரெட் அங்கே சிக்கிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜர் "35 சதவீதம்" என்று சாவகாசமாகக் காட்டும். த்ரெட் வாரியாகப் பார்த்தாலும் முழு உண்மை தெரியாது. விண்டோஸ் ஒரே வேலையைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருப்பதால் எந்த த்ரெட்டும் நூறைத் தொடாமல் எல்லாமே 50, 60 என்று காட்டலாம். அதனால் பிராசசர் எல்லையா என்பதைக் கார்டின் எண்ணை வைத்துத் தீர்மானிப்பதே நம்பகமானது.

இரண்டாவது, கார்டின் கடிகார வேகம். வேலை குறைவாக இருந்தால் கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைந்த வேகத்தில் 90 சதவீதம் என்பது முழு வேகத்தில் 50 சதவீதமாக இருக்கலாம். எனவே இரண்டு எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா, ரெசல்யூஷன் சோதனை செய்யுங்கள். ரெண்டர் ஸ்கேலை (கேம் உள்ளே வரையும் படத்தின் நீள அகலச் சதவீதம்) 100-லிருந்து 50-க்கு இறக்கி அதே பாதையில் மறுபடி நடங்கள். கார்டு வரைய வேண்டிய பிக்சல் கால்வாசியாகிவிடும். எஃப்பிஎஸ் தாவினால் எல்லை கார்டு. 82 இருந்தது 84 ஆனால் பிராசசர். படம் கோரமாகத் தெரியும், பரவாயில்லை. எஃப்பிஎஸ் எண்ணைத் தவிர வேறு எதுவும் தேவைப்படாத, பெரும்பாலும் பொய் சொல்லாத சோதனை இதுதான்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்டெல் இலவசமாகத் தரும் பிரசென்ட்மான் இருக்கிறது. 2023-இல் அதில் 'ஜிபியு பிஸி' என்ற அளவைச் சேர்த்தார்கள். ஒரு ஃபிரேமில் கார்டு உண்மையில் எத்தனை மில்லி விநாடி உழைத்தது என்பதை அது சொல்லும். ஃபிரேம் நேரம் 12, கார்டு உழைத்தது 11.7 என்றால் கார்டு எல்லை. ஃபிரேம் நேரம் 12, கார்டு உழைத்தது 7 என்றால் மீதி 5 மில்லி விநாடி கார்டு காத்திருந்த நேரம். ஷேடோ ஆஃப் த டூம் ரைடரின் உள் பெஞ்ச்மார்க்கும் முடிவில் எத்தனை சதவீதம் கார்டால் கட்டுண்டது என்று தானே கணக்குக் கொடுக்கிறது.

எண்ணைவிட ஏற்ற இறக்கம்

சராசரி 100 எஃப்பிஎஸ் என்று காட்டும் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்று வழவழவென்று ஓடும், மற்றது திக்கித் திக்கி ஓடும். '1 சதவீத லோ' எண்ணைப் பார்த்தால் காரணம் தெரியும். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம் அது. சராசரி 100, லோ 75 என்றால் சுகம். சராசரி 100, லோ 35 என்றால் கண்ணுக்கு உறுத்தும்.

கார்டு எல்லையாக இருக்கும்போது ஃபிரேம் நேரம் பொதுவாகச் சீராக இருக்கும், மெதுவாக இருந்தாலும். பிராசசர் எல்லையாகும்போது வரைபடம் ரம்பப் பல் போல எகிறும், ஏனென்றால் ஒரு ஃபிரேமில் எதிரி வழி தேடுவான், அடுத்ததில் மாட்டான், இன்னொன்றில் புதிய பகுதி டிஸ்க்கிலிருந்து ஏற்றப்படும். நான்கு கோர், நான்கு த்ரெட் மட்டும் உள்ள பழைய பிராசசர்கள் இன்றைய கேம்களில் சராசரியைச் சமாளித்தும் லோவில் கவிழ்வது இதனால்தான். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் என்பதைத்தான் நான் கீழ் எல்லையாகச் சொல்வேன். எட்டுக்கு மேல் போவதில் கேமுக்குக் கிடைப்பது சொற்பம். பிரதான த்ரெட் ஒன்றின் வேலையைப் பதினாறு பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. கேமுக்கும் கார்டுக்கும் இடையே பேசும் மென்பொருள் முறைகளான டைரக்ட்எக்ஸ் 12-உம் வல்கனும் ஆணைத் தொகுப்பைப் பல த்ரெட்டுகளுக்குப் பிரிக்க வழி செய்தன. கேமின் விதிகளை ஓட்டும் தர்க்கம் மட்டும் இன்னும் பெரும்பாலும் ஒரு த்ரெட்டைச் சுற்றியே நிற்கிறது.

கோர் எண்ணிக்கையைவிடப் பயன் தருவது கேஷ். ரைசன் 7 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், அதில் 32 எம்பி எல்3 கேஷ். 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி 4.5 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் கேஷ் 96 எம்பி. கடிகாரத்தில் பின்தங்கிய இரண்டாவதுதான் கேம்களில் முந்துகிறது. கேம் தேடும் தகவல்கள் நினைவகம் முழுக்கச் சிதறிக் கிடப்பவை. கேஷில் இருந்தால் பத்துப் பதினைந்து நானோ விநாடியில் கிடைக்கும். ரேமுக்குப் போனால் 70, 80 ஆகும், அதுவரை கோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வீடியோ எடிட்டிங்கில் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் எடிட்டிங் பெஞ்ச்மார்க்கைப் பார்த்து கேமுக்குப் பிராசசர் தேர்ந்தெடுப்பது வீண்.

திக்கல் எல்லாவற்றையும் பிராசசர் தலையில் கட்டிவிடவும் முடியாது. ஒரு புது மாயாஜாலத்தை முதல் முறை வீசும்போது மட்டும் திக்கி, இரண்டாம் முறை திக்காவிட்டால் அது ஷேடர் (பிக்சலுக்கு நிறமும் ஒளியும் கணக்கிடும் சிறு நிரல்) அந்தக் கார்டுக்கு ஏற்ப மாற்றப்படுவது, அதாவது கம்பைல் ஆவது. தொடக்கத்தில் "ஷேடர்கள் தயாராகின்றன" என்று கேம் காட்டும்போது பொறுமையிழந்து தாண்டாதீர்கள். டிரைவரைப் புதுப்பித்தால் அந்த வேலை மறுபடி நடக்கும் என்பதையும் எதிர்பாருங்கள். ஒரே கதவைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் திக்கினால் அது கேம் உலகை ஏற்றும் முறையில் உள்ள குறை. எவ்வளவு விலையுயர்ந்த பிராசசரும் அதைக் குறைக்குமே தவிர நீக்காது. அந்த வகை கேம்களுக்காகக் கம்ப்யூட்டரை மாற்றுவது வீண் செலவு.

கார்டின் நினைவகம் நிரம்பினாலும் திக்கும், அது பிராசசர் திக்கல் போலவே தோன்றி ஏமாற்றும். ஆர்டிஎக்ஸ் 4060-இன் சொந்த நினைவகம் விநாடிக்கு 272 ஜிபி வேகம். அந்த 8 ஜிபி நிரம்பியதும் மிச்சத்தை பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் தடம்) வழியாக ரேமிலிருந்து இழுக்க வேண்டும், எட்டு பாதை வழியாக விநாடிக்கு 16 ஜிபிக்கும் குறைவு. ஒரே அடியில் பதினேழு மடங்கு சரிவு. கார்டின் பயன்பாடு அப்போது இறங்கிக் காட்டும், பார்க்கிறவர் "ஓ, பிராசசர் போதவில்லை" என்று முடிவுகட்டுவார். டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி இறக்கிப் பாருங்கள். திக்கல் மறைந்தால் குற்றவாளி நினைவகம். 4 ஜிபியும் நான்கு பாதையும் மட்டும் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டைப் பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்டில் மாட்டினால் இது இன்னும் மோசமாகும்.

செட்டிங்கில் எது யாருக்கு

கார்டு திணறினால் குறைக்க வேண்டியவை: ரெசல்யூஷன் அல்லது ரெண்டர் ஸ்கேல், ரே டிரேசிங், வால்யூமெட்ரிக் மூட்டம், பிரதிபலிப்பு, நிழலின் தெளிவு. வால்யூமெட்ரிக் மூட்டத்தை 'அல்ட்ரா'விலிருந்து 'மீடிய'த்துக்கு இறக்கினால் பல கேம்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, எஃப்பிஎஸ்ஸில் தெரியும்.

பிராசசர் திணறினால்: கூட்ட நெரிசல், தொலைவுப் பார்வை, பொருள்களின் விவர அளவு, நிழல் விழும் தூரம். நிழல் இங்கே ஏன் வந்தது என்று தோன்றலாம். நிழலின் தெளிவு கார்டின் பாடு. எத்தனை பொருளுக்கு நிழல் போட வேண்டும் என்பது பிராசசரின் பாடு, ஏனென்றால் ஒவ்வொரு பொருளையும் ஒளியின் பார்வையிலிருந்து இன்னொரு முறை வரையச் சொல்லி ஆணை அனுப்ப வேண்டும். ரே டிரேசிங்கும் அப்படியே. கார்டை மட்டும் தின்னும் என்று நினைக்கிறோம். அசையும் பொருள்களுக்கான தேடல் மரத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் புதுப்பிக்கும் வேலைக்கான தயாரிப்பு பிராசசர் மீது விழுகிறது. ரே டிரேசிங் போட்டதும் பிராசசர் எல்லை 120-லிருந்து 85-க்கு இறங்குவது போன்ற சரிவுகள் அபூர்வமானவை அல்ல.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்து திரை அளவுக்குப் பெரிதாக்கும் முறை) வந்த பிறகு ஒரு புதுக் குழப்பம். 4கே திரையில் 'குவாலிட்டி' போட்டால் கேம் உண்மையில் 1440பி-யில் வரையப்படுகிறது, 'பெர்ஃபார்மன்ஸ்' போட்டால் 1080பி-யில். 1080பி திரையில் 'குவாலிட்டி' என்றால் 720பி. "என்னிடம் 4கே திரை, பிராசசர் எதுவாக இருந்தாலும் சரி" என்ற பழைய வாதம் இங்கே ஓட்டையாகிறது. கார்டின் சுமை குறைந்து எஃப்பிஎஸ் ஏறுவதால், பிராசசரைப் பொறுத்தவரை நீங்கள் 1080பி திரையில் ஆடுவது போலத்தான். அப்ஸ்கேலிங்கை எவ்வளவு இறக்கினாலும் எஃப்பிஎஸ் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் அது பிராசசரின் உச்சவரம்பு. அங்கே ஒரு படி மேலேற்றி நல்ல படத்தையாவது வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஃபிரேம் ஜெனரேஷன் பிராசசரைக் கேட்காமல் இடையில் ஃபிரேம் செருகுவதால் பிராசசர் எல்லையான கேமிலும் எண் ஏறும். கண்ணுக்கு இதமாகவும் இருக்கும். கைக்கு அல்ல: மவுஸின் பதில் வேகம் பழைய எஃப்பிஎஸ்ஸின் அளவிலேயே, சற்று மோசமாகக்கூட, நிற்கும். 60-ஐ 110 ஆக்கப் பயன்படுத்துங்கள். 30-ஐ 60 ஆக்க முயன்றால் சேற்றில் நடப்பதுபோல இருக்கும்.

கார்டு 99 சதவீதத்தில் ஓடுவது எப்போதும் நல்லது என்பதும் முழு உண்மை அல்ல. கார்டு நிரம்பி வழியும்போது பிராசசர் அனுப்பிய ஃபிரேம்கள் வரிசையில் காத்திருக்கும். நீங்கள் சொடுக்கியதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையே தாமதம் கூடும். போட்டி கேம் ஆடுகிறவர்கள் ரிஃப்ளெக்ஸ் (இந்தத் தாமதத்தைக் குறைக்கும் என்விடியாவின் வசதி) இருந்தால் அதைப் போட வேண்டும். இல்லையென்றால் கார்டு 90 சதவீதத்தைச் சுற்றி நிற்கும்படி எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வைக்கலாம். எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க், ஃபிரீசிங்க் திரையாக இருந்தால் வரம்பு திரையின் ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே, 144-க்கு 138 முதல் 141 வரை.

வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் கேபிள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டுக் கார்டு வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது கார்டின் பின்பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து ரேம். ஒற்றைக் குச்சி போட்டிருந்தால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை பாதியாகிறது. தனிக் கார்டு இல்லாமல் பிராசசருக்குள் இருக்கும் உள்கிராபிக்ஸில் ஆடுகிறவர்களுக்கு இது கொலைக்குச் சமம், தனிக் கார்டு உள்ளவர்களுக்கும் லோ எண் இறங்கும். இரண்டு ஒரே மாதிரிக் குச்சிகள் வாங்கி, நான்கு ஸ்லாட் போர்டானால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பிறகு பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரை) போய், ரேமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குங்கள். 6000 என்று எழுதியிருக்கும் டிடிஆர்5 குச்சி, இதைச் செய்யாவிட்டால் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். 3200 டிடிஆர்4 குச்சி 2133-இலோ 2400-இலோ கிடக்கும். பிராசசர் எல்லையான கேமில் இந்த ஒரு சொடுக்கு செலவில்லாமல் தரும் லாபம் சில நேரம் ஒரு தலைமுறை பிராசசர் மாற்றத்தின் பாதியளவு இருக்கும்.

டிரைவரின் சுமையையும் கணக்கில் வையுங்கள். டிரைவர் ஓடுவது பிராசசரில். பழைய பிராசசரோடு 1080பி-யில் ஆடும்போது ஒரே தரத்து இரண்டு கார்டுகள் வேறு வேறு எஃப்பிஎஸ் தரக் காரணம் இதுதான். என்விடியா கார்டுகளின் டிரைவர் டைரக்ட்எக்ஸ் 12-இல் பலவீனமான பிராசசரை ஏஎம்டி-யின் ரேடியானைவிட அதிகம் பிழிகிறது. 2024 இறுதியில் வந்த இன்டெல்லின் ஆர்க் பி580-இல் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது, அதற்கு ரீசைசபிள் பாரும் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகவிடும் வசதி) பயாஸில் இயங்கியே ஆக வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு மலிவான புதுக் கார்டு என்று அதை வாங்கினால், விமர்சனங்களில் பார்த்த எண் உங்கள் மேசையில் வராது. விமர்சகர்கள் கார்டைச் சோதிக்கும்போது பிராசசர் தடையாகக் கூடாது என்று சந்தையில் உள்ளதிலேயே வேகமானதைப் போடுகிறார்கள். பிராசசரைச் சோதிக்கும்போது மிகப் பெரிய கார்டைப் போட்டு 1080பி-யில் ஓட்டுகிறார்கள். இரண்டு அட்டவணைகளிலும் உங்கள் கேமையும் செட்டிங்கையும் தேடி, எது சிறிய எண்ணோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது ஏறக்குறைய அதுதான்.

லேப்டாப்பில் பெயரை நம்ப வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வரலாம். இரண்டுக்கும் ஒரே பெயர். பிராசசரும் கார்டும் ஒரே வெப்பக் குழாயைப் பகிர்ந்துகொள்ளும் மெல்லிய லேப்டாப்பில் பிராசசரின் டர்போவைக் கொஞ்சம் கட்டுப்படுத்தினால் மிச்சமான வெப்ப இடம் கார்டுக்குப் போய் எஃப்பிஎஸ் ஏறுவதும் உண்டு.

சோதனை கார்டைக் காட்டினால் வேலை எளிது: பவர் சப்ளையின் வாட், இணைப்பிகள், கேபினட்டுக்குள் நீளம் மூன்றையும் பாருங்கள். புதுவகைப் பதினாறு பின் இணைப்பியை இடைவெளி தெரியாமல் முழுதாக அழுத்திச் செருகுங்கள், அரைகுறையாக நின்றால் உருகிவிடலாம். பழைய டிரைவரை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

பிராசசரைக் காட்டினால் முதலில் உங்கள் சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) இன்னும் வேகமான பிராசசருக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்4 (ஏஎம்டி ரைசன் பிராசசர்களுக்கான ஒரு சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 2017 காலத்துப் போர்டுகள் பலவற்றில்கூட பயாஸைப் புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசை ஓடும். போர்டையும் ரேமையும் மாற்றாமல் ஒரு பெரிய தாவல். போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் அந்தப் பிராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பார்த்து, பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே அதை ஏற்றுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்தால் திரை கறுப்பாகவே இருக்கும், திரும்ப மாட்ட வேண்டியதுதான். பழைய கூலரைத் தூக்கும் முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட்டைச் சூடாக்கி, பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கூலரை இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ஏஎம்4-இல் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். பயாஸ் புதுப்பித்தால் எக்ஸ்எம்பி அணைந்திருக்கும், மறுபடி போட வேண்டும். புதுப் பிராசசர் எதிர்பார்த்த எண்ணைத் தரவில்லை என்றால் அங்கேயே முதலில் பாருங்கள்.